லாரிப் பட்டையில் ஓர் அரிவாள்மனை

போன மாதம் பழைய தொழிலாளர்களைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, இப்போது பட்டறையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற பிட்டர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்க இரும்பப் பாத்த ஒடனே இது இன்ன இரும்புன்னு சொல்லிடுவீங்களாமே, நெஜமா?"

"பாத்தெல்லாம் சொல்லமாட்டேன் தம்பி. ஒடைச்சிப் பாத்துத்தான் சொல்வேன்."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்தப் பொருளையும் உடைத்து உள்ளே பார்க்காமல் நம்புவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கல்யாணமான புதிதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் பக்கத்து வீட்டில் மணி கேட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இப்போது அந்தப் பட்டறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. எந்த எஃகுக்கு எவ்வளவு சூடு, தோய்ப்பது எண்ணெயிலா தண்ணீரிலா என்று அச்சடித்தே அனுப்பிவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நான் ஒரு தப்பைச் செய்யாமல் இருந்திருப்பேனோ என்று அன்று அதன் முன்னால் நின்றபடி யோசித்தேன். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பிட்டர் கேட்டார். நான் செய்த நல்ல கத்திகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப்போவது ஒரே ஓர் அரிவாள்மனையைப் பற்றி. அதற்கு முன் நான் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், குளுவாங்கிலிருந்து காஹாங் போகிற சாலையில் இருந்தது. அந்தப் பக்கம் ரயில் கிடையாது. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நான் பட்டறையில் சேர்ந்தேன். மூன்று வருடம் துருத்தி இழுத்தேன், சம்மட்டி அடித்தேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது இரும்பைப் பற்றி. யுத்தத்தால் புது இரும்பு வருவது நின்றுபோயிருந்தது. மண்வெட்டி, கோடரி, பாராங் என்கிற வெட்டுக்கத்தி எதுவானாலும் பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் குவியலிலிருந்துதான் செய்ய வேண்டும். காடு அழித்தபோது முறிந்த மரமறுக்கும் ரம்பங்கள், தேய்ந்த அரங்கள், டிராலி ஓடிய தண்டவாளத் துண்டுகள், இஞ்சின் போல்ட்டுகள் எல்லாம் அங்கே துருப்பிடித்துக் கிடந்தன. துரு ஏறிவிட்டால் எல்லாம் ஒரே நிறம். எது எஃகு, எது வெறும் இரும்பு என்று கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் குவியலுக்கு ராஜா, நாகலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், பட்டறையின் பெரிய பிட்டர். கரியும் எண்ணெயும் பறக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டையோடு வருவார், சாயந்தரம் அதே வெள்ளையோடு போவார். அது எப்படி என்று நாங்கள் பல நாள் கூர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தம் போட மாட்டார். செய்த பொருளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்ப்பார். சரியாக இருந்தால் தலையசைப்பார். சரியில்லை என்றால் அதை நம் பக்கமாக நகர்த்தி, "திரும்பவும் பாரும்" என்பார். எங்கே தப்பு என்று மட்டும் சொல்லவே மாட்டார். அதை நாமே தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஆத்திரமாக வரும். ஆனால் அப்படித் தேடிக் கண்டுபிடித்த எதையும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் மூன்று காரியம் செய்யாமல் அதில் சம்மட்டி படக்கூடாது என்பது அவருடைய சட்டம். முதலில் சாணைச் சக்கரத்தில் லேசாக வைத்துப் பொறியைப் பார்க்க வேண்டும். வெறும் இரும்பானால் பொறி நீளமாக, சிவப்பாக, கிளையில்லாமல் ஓடும். அரத்தின் எஃகானால் வெள்ளையாகக் கிளம்பி, கம்பி மத்தாப்புபோல் நுனியில் வெடித்துச் சிதறும். இரண்டாவது, சூடு. பழைய இஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி உலைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார். காய்ந்த எஃகு ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் காந்தம் அதில் ஒட்டாது. ஒட்டாமல் போனதும் மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, ஒரு நுனியைக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து ஒடித்து, உடைந்த முகத்தைப் பார்ப்பது. சரியாகக் காய்ச்சிய எஃகின் முகம் திருநீறுபோல் மங்கலாக, பொடியாக இருக்கும். அதிகமாகக் காய்ச்சியது சீனிபோல் மினுமினுக்கும். மினுமினுத்தால் அது உடையும்.

"காந்தம் ஏன் ஐயா ஒட்டமாட்டேங்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியாது எண்டு சொல்லுறதிலை வெக்கமில்லை. தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு வேலை செய்யிறதுதான் ஆபத்து."

சனிக்கிழமை பிற்பகல் உலை எங்களுக்கு. வேலைக்கு ஆகாத அரத்தையும் ரம்பத்தையும் வைத்து வீட்டுச் சாமான் செய்துகொள்ள அவர் அனுமதி வாங்கித் தந்திருந்தார். நான் முதலில் செய்தது ஓர் அரத்துக் கத்தி. அரத்தின் பல்லைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே காய்ச்சி அடித்துவிட்டேன். பற்கள் மடிந்து உள்ளே போய் விரிசலாகி, முதல் தேங்காயிலேயே கத்தி இரண்டானது. அதற்கும் "திரும்பவும் பாரும்"தான். அதன் பிறகு என் கத்திகள் நன்றாகவே வெட்டின. பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்கள் பாராங் கேட்டு வருவார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் அரிவாள்மனைக்கு வருவார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் தரையில் வைப்பேன். அவர்கள் எடுத்து, நகத்தில் வைத்துக் கூர் பார்த்துவிட்டுப் போவார்கள். ஐம்பது அரிவாள்மனைக்குக் குறையாமல் செய்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இருபதுகளின் நடுவில் தோட்டத்துக்கு ஒரு லாரி வந்தது. அதை ஓட்டியவர் காதர் பாய், நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். செம்மண் சாலையில் குதித்துக் குதித்து ஒரு வருடத்தில் அதன் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்துவிட்டது. நாகலிங்கம் ஐயா இஞ்சின் சாமான் வாங்கச் சிங்கப்பூர் போயிருந்த வாரம் அது. ரப்பர் ஷீட் உடனே குளுவாங் ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை இரண்டு தடவை ஆள் அனுப்பினார். குவியலில் ஒரு பழைய குதிரைவண்டியின் ஸ்பிரிங் பட்டை கிடந்தது. அதை எடுத்துக் காய்ச்சி, வெட்டி, வளைத்து, லாரிக்குப் பொருத்திக் கொடுத்தேன்.

பொறி பார்த்தேன். எஃகுதான். ஆனால் அவசரத்தில் துருத்தியை அதிகமாக இழுத்து, பட்டையை ஆரஞ்சு நிறத்துக்கு ஏற்றிவிட்டேன். காந்தம் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. எட்டி எடுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் டின்னில் அடிமட்டத்தில்தான் எண்ணெய் இருந்தது, எண்ணெயில் தோய்க்க வேண்டியதைத் தண்ணீரில் தோய்த்தேன். ஒரு நுனியை ஒடித்துப் பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் உடைத்துப் பார்க்கிறவன் என்று பேர் வாங்கிய நான் அன்று மட்டும் உடைக்கவில்லை. லாரி கிளம்பியது. துரை பாராட்டிச் சொல்லியனுப்பினார்.

இரண்டு வாரம் அது நன்றாக ஓடியது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காத்தாயி அக்கா என்று ஒருவர் சமையல் வேலையில் இருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும், எனக்கு இருபத்தெட்டு. ஒவ்வொரு நாளும் நாற்பது நோயாளிகளுக்குத் தனி ஆளாகக் காய் நறுக்கிக் கறி வைப்பார். அவருடைய வலது காலில் கட்டை குத்தி, புண்ணாகி, விரல்கள் கறுத்துவிட்டன. டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று அங்கே மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் சொல்ல, லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், மழையில், ஸ்பிரிங் பட்டை முறிந்தது. அச்சு நகர்ந்து சக்கரம் முட்டிக்கொண்டது. மாட்டுவண்டி ஒன்று கிடைத்து, அவர் டவுன் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

காதர் பாய் முறிந்த துண்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "அலமாக், பட்டுன்னு போச்சி லா தம்பி. ஒம்மேல ஒண்ணும் தப்பில்ல. ரோடு அப்படி."

நான் துண்டைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். சீனியாக மினுமினுத்தது. ரோட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை.

நேரத்துக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டிரஸ்ஸரைப் போய்க் கேட்டேன். "நேத்தே வந்திருந்தா வெரலோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதையும் நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னும் சொன்னாரு" என்றார். இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நான் பல வருடம் இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய நாகலிங்கம் ஐயாவிடமும் துண்டுகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். என் பட்டடைக்கல்லின் மேல் வைத்துவிட்டு, "திரும்பவும் பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் கரி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் காத்தாயி அக்கா கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கே வந்தார். காலியான எண்ணெய்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"தம்பி, எனக்கு ஒரு அருவாமன செஞ்சி குடு."

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கேக்கா?"

"அது கால வச்சி அமுக்கிறவங்களுக்கு. கால் இல்லாதவளுக்கு ஒண்ணு செஞ்சி குடு."

விஷயம் இதுதான். வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று டிரஸ்ஸர் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அதில் பேர் ஏறினால் ரயிலில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிரஸ்ஸர் கெட்டவர் அல்ல. மாதக் கடைசிவரை பார்ப்போம், காலை பதினோரு மணிக்குள் நாற்பது பேருக்கும் கறி தனியாக ஆக்கி இறக்கிவிட்டால் பேரை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"பதினாறு வயசுல வந்தேன் தம்பி. ஊர் பேரு தெரியும், வழி தெரியாது. மக இங்கதான் இருக்கா, கையில புள்ளையோட. அங்க போயி யாரு வாசல்ல நிக்கிறது?"

செய்கிறேன் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, துருத்தியைப் பார்த்துச் சொன்னேன்.

முதலில் நல்ல அரத்தில் ஒரு கைக்கத்தி செய்து கொடுத்தேன். மேசைமேல் வைத்து நறுக்கட்டுமே என்று நினைத்தேன். மூன்று நாள் முயன்றார். பதினோரு மணிக்குப் பாதிக் காய் அப்படியே கிடந்தது. போய்ப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அரிவாள்மனையில் கத்தி நிற்கும், காய் நகரும்; இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும். கைக்கத்தியில் காய் நிற்க வேண்டும், கத்தி நகர வேண்டும். இருபத்தைந்து வருடம் ஒருவிதமாகப் பழகிய கைகள் மூன்று நாளில் மாறாது. அதுவும் பழுத்த பூசணியின் தோலில்.

ஆகவே அரிவாள்மனையேதான் வேண்டும். கால் செய்கிற வேலை என்ன? பலகையை அசையாமல் அழுத்துவது. அப்படியானால் காலுக்குப் பதில் எடை வைத்துவிட்டால் ஆயிற்று. கழித்துப்போட்ட டிராலித் தண்டவாளத்தில் முழம் முழமாக எட்டுத் துண்டு வெட்டி, பலகைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கினேன். தூக்குவதற்கே இரண்டு ஆள் வேண்டும். மேலே அரத்துக் கத்தி, மயிரை வெட்டுகிற கூர். நான் செய்ததில் இதுதான் சிறந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அடுப்படியில் வைத்தோம். ஒன்றிரண்டு கத்தரிக்காயை ஒழுங்காக நறுக்கினார். பூசணியை வைத்து உந்தினார். எடைக்கெல்லாம் அசையாத பலகை உந்தலுக்குச் சறுக்கியது. சிமெண்டுத் தரை வழவழப்பு. அவர் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. விழாமல் இருக்கக் கையை நீட்டியவர் கத்தியைத்தான் பிடித்தார். உள்ளங்கை பிளந்துவிட்டது.

டிரஸ்ஸர் ஓடிவந்து கட்டுப் போட்டார். "போதும்பா. இருக்கிற கையையும் எடுத்துடாத" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பட்டியலை அனுப்ப இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. தரையில் ஓட்டை போட்டுப் பலகையை முடுக்கிவிடலாம் என்றேன். அது ஆஸ்பத்திரித் தரை, உளி படக்கூடாது என்றார்.

பட்டறைக்கு வந்து மிச்சத் தண்டவாளத்தைக் காலால் உதைத்தேன். நாகலிங்கம் ஐயா மேசையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை அரிவாள்மனை செய்தனீர் இதுவரைக்கும்?"

"அம்பதுக்கு மேல ஐயா."

"அதிலை ஒண்டிலையாவது இருந்து கறிக்கு வெட்டினீரோ?"

ஆண்பிள்ளை எங்கே அரிவாள்மனையில் உட்கார்ந்தான்? கூர் பார்க்கத் தெரியும், பொறி பார்க்கத் தெரியும், உடைத்து உள்ளே பார்க்கத் தெரியும். செய்த பொருளின்மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"போய் இரும். ஒரு காலைக் கட்டிக்கொண்டு இரும்" என்றார்.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரி அடுப்படியில், வலது காலைத் தரையில் படாதபடி மடக்கித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அக்காவின் பழைய அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தேன். செய்தி அதற்குள் லயம் முழுக்கப் போய்விட்டது. தண்ணீர் தூக்குகிற பெண்கள், பிள்ளைக் கொட்டகை ஆயா எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"பட்டறைக்காரர எப்ப பொண்ணு பாக்க வர்றாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். காத்தாயி அக்கா மட்டும் சிரிக்காமல், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பூசணியை எடுத்து, இடது காலால் பலகையை அழுத்திக்கொண்டு உந்தினேன். உடம்பு வலப்பக்கமாக விழுந்தது. நிமிர்ந்து மறுபடி உந்தினேன். மறுபடி விழுந்தேன். துண்டை அவிழ்த்து இரண்டு காலோடும் உந்தினேன், விழவில்லை. கட்டினேன், விழுந்தேன். ஆறேழு தடவை இப்படிச் செய்த பிறகு பிடிபட்டது. ஒரு கால் பலகையை அழுத்துகிறது. அது அழுத்துகிற நேரத்தில் உடம்பு சாயாமல் மடங்கிய மற்றக் கால் தரையில் முட்டுக் கொடுக்கிறது. அரிவாள்மனைக்கு இரண்டு காலும் வேலை செய்கின்றன. நான் ஒரு காலை மட்டும் எண்ணியிருந்தேன். எவ்வளவு தண்டவாளம் வைத்தாலும் அந்த இரண்டாவது காலுக்கு அது ஈடாகாது.

"மடங்கின காலுதான் தாங்குதா?" என்று காத்தாயி அக்காவைக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? இருந்த வரைக்கும் யாரு கவனிச்சா" என்றார்.

விழுந்து விழுந்து இடுப்பு வலித்தது. எரிச்சலில் பலகையின் பின்பக்கத்தைத் தொடைக்கடியில் இழுத்து அதன்மேலேயே ஏறி உட்கார்ந்தேன். அந்த எரிச்சலோடு பூசணியை உந்தினேன். தோல் கரகரவென்று பிளந்து இரண்டாகத் தரையில் உருண்டது. பலகை இம்மியும் அசையவில்லை. நானும் சாயவில்லை. வாசலில் சிரிப்பு நின்றது.

கம்பத்தில் நான் நூறு தடவை பார்த்த பொருள்தான் அது. மலாய்க்காரர்கள் தேங்காய் துருவ ஒரு குட்டை மணை வைத்திருப்பார்கள். குதிரைபோல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற துருவி அசையாது. ஓடிப்போய் நாகலிங்கம் ஐயாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கடை திருவலையும் உதுதானே. அம்மா அதிலை இருந்துதான் தேங்காய் திருவுறவ. நானும் யோசிக்கேல்லை" என்றார். தமக்கும் ஒன்று தப்பிவிட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி இரும்பு. மணையின்மேல் உட்கார்ந்தால் கத்தி உயரமாக, நீண்ட கழுத்தோடு முன்னால் எழும்பி நிற்க வேண்டும். பூசணியை உந்தும்போது அந்தக் கழுத்துப் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்து, விட்டதும் திரும்பி வர வேண்டும். அரத்தின் எஃகு வளையாது, முறியும். ரம்பத்தகடு மெலிது. இதற்கு ஸ்பிரிங் எஃகுதான் பொருத்தம். குவியலை முழுக்கக் கிளறிப் பார்த்தேன். லாரியின் பழைய பட்டை புதியதற்கு அளவு காட்டச் சிங்கப்பூர் போயிருந்தது. ஸ்பிரிங் பட்டை என்று மிச்சம் ஒன்றுதான் அந்தத் தோட்டத்தில் இருந்தது. அதை நானே கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன்.

அதை வெளியே எடுத்தேன். கூடவே ஒரு கேள்வி வந்தது. சீனியாகிப்போன எஃகு மறுபடி பொடியாகுமா? ஒரு தடவை கெட்டுப்போனது கெட்டதுதானா? தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. நாகலிங்கம் ஐயாவுக்கும் தெரியாது. "செய்து பாரும், ஒவ்வொருமுறையும் உடைச்சுப் பாரும்" என்றார்.

துருத்தியை அவசரப்படாமல் இழுத்துப் பட்டையைக் காய்ச்சினேன். பழுத்த மிளகாய் நிறம் வந்ததும் காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. இன்னும் கொஞ்சம். ஒட்டவில்லை. ஒரு மூச்சு. வெளியே எடுத்துச் சாம்பலில் புதைத்து, தொடுகிற சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு விரல் அகலத்துக்கு ஒரு நுனியைக் காய்ச்சித் தோய்த்து ஒடித்தேன். சீனி கொஞ்சம் மணலாகியிருந்தது. இரண்டாவது தடவையும் அதே காய்ச்சல், அதே சாம்பல். ஒடித்தேன். பொடி மணல். மூன்றாவது தடவை ஒடித்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் மினுமினுப்பு இல்லை, மங்கலான திருநீறு.

மூன்று துண்டுகளையும் வரிசையாக நாகலிங்கம் ஐயா மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசித் துண்டைக் கைக்குட்டையில் சுற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலையசைத்தார்.

கத்தியை அடித்து, தேங்காய் எண்ணெயில் தோய்த்து, மறுபடி மெதுவாகச் சூடு காட்டினேன். தேய்த்த எஃகின்மேல் நிறங்கள் ஒவ்வொன்றாக ஓடி வரும். வெட்டுகிற வாய்க்கு வைக்கோல் நிறம் வந்ததும் ஈரத் துணியால் நிறுத்தினேன். வளைந்து திரும்பட்டும் என்று கழுத்தை நீலம்வரை போகவிட்டேன். கழுத்தைக் குறட்டில் பிடித்து முழு பலத்தோடு வளைத்து விட்டேன். திரும்பி வந்தது. ஒரு தடவை அல்ல, அரை நாள் அதையே செய்துகொண்டிருந்தேன். மணையைப் பழைய மெராந்தி மரத்தில் செய்து, அதன்மேல் நானே காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வீட்டில் ஒரு வாரக் கறிக்கும் நானே நறுக்கினேன். உட்காரும் இடத்தை இரண்டு தடவை தாழ்த்தினேன். அந்த வாரம் என் வீட்டுக்காரி ராணி மாதிரி இருந்தாள்.

காத்தாயி அக்காவின் கையும் அதற்குள் ஆறியிருந்தது. மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் மணையைத் தரையில் வைத்தேன். அதன்மேல் ஏறி உட்கார்ந்து, நகத்தில் கூர் பார்த்தார். முதல் நாள் பதினோரு மணியைத் தாண்டிவிட்டது. இரண்டாம் நாள் சரியாகப் பதினொன்று. மூன்றாம் நாள் டிரஸ்ஸர் வந்து எட்டிப் பார்த்தபோது கறி இறங்கிக் கொதி அடங்கியிருந்தது. அவர் கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஊதிச் சாப்பிட்டுப் பார்த்தார்.

"உப்பு கம்மி" என்றார். "பேர அடிச்சிட்டேன்."

அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். அக்கா சாயந்தரத்துக்கு வேண்டிய பூசணியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். இனியும் சொல்லாமல் இருந்தால் அந்த அடுப்படிப் பக்கம் என்னால் வரமுடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு லாரிப் பட்ட ஒடஞ்சிச்சில்ல. அது ரோட்டால இல்ல. நான் காய்ச்சினது தப்பு."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்."

"யாரு சொன்னா?"

"காதர் பாய்தான். மாட்டுவண்டிக்குக் காத்துக்கிட்டுக் கெடந்தப்ப ஒடஞ்ச துண்ட எடுத்துக் காட்டினாரு. 'பட்டறைத் தம்பி போட்டது, மெனக்கெட்டுப் போட்டான், பாவம்'னாரு. பாவம்னு அவரு சொன்னது ஒன்னய. என்னய இல்ல."

"தெரிஞ்சிக்கிட்டா எங்கிட்ட வந்தீங்க?"

"கோவம் இருந்துச்சி. இப்பவும் இருக்கு. அதுக்காக?" ஒரு துண்டத்தைச் சட்டியில் போட்டார். "நல்லவங்ககிட்ட போயிருந்தா ஒரு தடவ செஞ்சி பாத்துட்டு, ஐயோ பாவம்னுட்டுப் போயிருப்பாங்க. நீதான் விடமாட்டேன்னு தெரியும்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"இந்தக் கத்தியும் அதே பட்டைதாங்கா."

இப்போது அவர் கை நின்றது. குனிந்து, கத்தியின் கழுத்திலிருந்து நுனிவரை மெதுவாகப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அதைச் சுண்டினார். நல்ல எஃகின் ஓசை வந்தது.

"இப்ப ஒடையாதுல்ல?"

"ஒடையாது. மூணு தடவ ஒடைச்சிப் பாத்துட்டேன்."

அவர் எட்டி, மூலையில் கிடந்த என் பழைய கைக்கத்தியை எடுத்துத் தரையில் வைத்து, பூசணியின் மறு பாதியை என் பக்கமாக உருட்டிவிட்டார்.

"தோலச் சீவு" என்றார். "சும்மா உக்காந்திருக்காத."